நாற்பத்தேழு அரை வாக்கியங்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் சித்தி. போன வாரம் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "உன் சின்னவ வெளிநாடு போய் மூணு வருஷம் ஆச்சு. என்ன வேலைதான் பாக்குறா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நான் சொன்னது சரிதானே?" என்றாள்.

சரியில்லை அம்மா. நான் மதிப்பீட்டாளர். மக்களுக்காக யாரோ ஒரு திட்டம் போடுவார்கள். அது யாருக்கு உதவியது, யாரை விட்டுவிட்டது, பெண்களுக்கு ஒரு நியாயம் ஆண்களுக்கு ஒரு நியாயமாக நடந்ததா என்று நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிக் கொடுப்பது என் வேலை.

"அதாவது குறை சொல்ற வேலை," என்றாள் அம்மா.

"ஒரு விதத்துல அப்படித்தான்மா."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா? உன் சித்தி சும்மாவே செய்றாளே!"

அப்போதுதான் கதையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுத உட்கார நேரம் இல்லை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கிற அறை இருக்கிறது. மெஷின் சுற்றுகிற நேரத்தில் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. அதிலுள்ள பேச்சு வழக்கைப் பிறகு சீர் செய்து, துண்டு துண்டாக வீட்டுக்கு அனுப்புகிறேன்; அவர்கள் குறுக்கே கேட்பது அடைப்புக்குறிக்குள் வரும். ஒன்றை மட்டும் சீர் செய்யவில்லை. நான் மூன்று நொடி யோசித்தால் போன் கேட்பதை நிறுத்திவிடும். அதனால் இதில் அங்கங்கே பாதி வாக்கியங்கள் கிடக்கும். அவற்றை ஏன் அழிக்கவில்லை என்பதுதான் கதையே.

கதையில் வருகிறவள் 'அவள்'. உடனே அக்கா, "நீதானே அது?" என்பாள். ஆமாம், நான்தான். ஆனால் 'நான்' என்று ஆரம்பித்தால் எனக்கு வாக்கியம் ஓடவில்லை. 'அவள்' என்றால் கொஞ்சம் தைரியம் வருகிறது. அதனால் அவள்.

2

முதல் தொடக்கம்: "உலகெங்கும் சமத்துவ நோக்கில் மதிப்பீடு செய்வோர் ஒன்றுகூட வேண்டிய காலம்

[நிறுத்திவிட்டேன். ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. சித்தி கொட்டாவி விடுவாள்.]

இரண்டாம் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் ஓரம்

[மழை பெய்யவில்லை. அவள் மேசைக்கு ஜன்னலும் இல்லை.]

2, மறுபடியும்

ஒரு பஸ் இருந்தது.

அலுவலகக் கட்டடங்களையும் ஆஸ்பத்திரியையும் துடைத்துப் பெருக்கும் பெண்கள் மாலையில் வீடு திரும்புவதற்காக விட்ட பஸ். ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பும், சந்தையில் நிற்கும், கடைசியாக நகரத்தின் ஓரத்தில் இருக்கிற குடியிருப்புக்குப் போகும். ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆனதும், "இந்த பஸ்ஸால் நன்மையா?" என்று பார்த்துச் சொல்லும் வேலை அவளுடைய நிறுவனத்துக்கு வந்தது.

[அப்பா: "எத்தனை சீட்டு பஸ்?" நாற்பது சீட்டு அப்பா. குறுக்கே பேசாதீர்கள்.]

நூற்றிருபது பெண்களிடம் ஆளுக்கு அறுபத்திரண்டு கேள்விகள். பேட்டி எடுத்த நான்கு பேரில் அவள்தான் வேகம்; பாதிக்கு மேல் அவளே எடுத்தாள். மேலாளர் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயரே வைத்துவிட்டார். பதிவுகளையெல்லாம் எழுத்தாக்கிக் கூட்டிப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குத் திருப்தி. பஸ்ஸின் டிக்கெட் மெஷினையும் பார்த்தார்கள். கடைசி நிறுத்தத்தில் அநேகமாக யாரும் இறங்குவதில்லை. ஆகவே பரிந்துரை எளிதாக இருந்தது: பஸ் நல்ல பஸ், கடைசி நிறுத்தத்தை வெட்டிவிடலாம், சந்தையோடு நின்றால் போதும். இதே மாதிரியை இன்னும் எட்டு நகரங்களிலும் ஓட்டலாம். அடுத்த வியாழக்கிழமை போக்குவரத்துக் குழு கூடி முடிவெடுக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் தான் எடுத்த பேட்டிகளின் பதில்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பாத்திரம் சுத்தம் செய்வது போலத்தான், ஒட்டிக்கொண்டிருக்கிறதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பதினெட்டு விதிகள் எழுதி ஒட்டியிருந்தார்கள். பதினான்காவது விதி: முடிக்கப்படாத பதில்களை நீக்கவும். அவளும் நீக்கிக்கொண்டே போனாள். இருபத்தோராவது அரை வாக்கியத்தில் விரல் நின்றது.

"பஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கடைசி ஸ்டாப்பு"

இதை இப்போதுதானே அழித்தோம்? குப்பையில் போட்டவற்றைத் திரும்ப எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"நல்ல பஸ்ஸுங்க, ஆனா சந்தைக்கு அப்புறம்"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா நாங்க"

மொத்தம் நாற்பத்தேழு. நாற்பத்தேழும் 'ஆனா'வுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தன.

3

இந்த இடத்தில் முதலில் நான் எழுதியது வேறு. அதை அழிக்காமல் விடுகிறேன்:

"அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கேட்டாள். ஒவ்வொரு பெண்ணும் 'ஆனா' என்றதும் பின்னால் ஓர் இருமல். ஆணின் இருமல். பேட்டி நடந்த இடத்திலெல்லாம் பஸ் ஓட்டும் ஒப்பந்தக்காரரின் ஆள் நின்றுகொண்டு

அக்காவுக்கு இதை அனுப்பினேன். "அய்யோ, நெஞ்சு பதறுதுடி! அந்த இருமல்காரனை விடாத!" என்று உடனே பதில் வந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வில்லன் கிடைத்துவிட்டால் கதை தானாக ஓடும். கடைசியில் அவனைப் பிடித்துக் கொடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஆனால் இருமல்காரன் யாரும் இல்லை அக்கா. ஹெட்போனில் கேட்ட குரல் இதுதான்:

"சரிங்க, அடுத்த கேள்விக்குப் போகலாம்."

இனிமையான குரல். மரியாதையான குரல். அவளுடைய குரல். நாற்பத்தேழு தடவை. சராசரியாக ஒன்றரை நொடிகூட அவள் காத்திருக்கவில்லை. அறுபத்திரண்டு கேள்வியையும் நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் எக்ஸ்பிரஸ். பெண்களின் குரலைக் கேட்க நியமிக்கப்பட்டவள், கேள்வித்தாளுக்குள் அடங்கிய அளவுக்குத்தான் அதைக் கேட்டிருக்கிறாள்.

[அம்மா: "நீ அப்படியெல்லாம் யார் பேச்சையும் வெட்ட மாட்டியேம்மா." வெட்டினேன் அம்மா. அதுவும் சிரித்துக்கொண்டே.]

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதை வாசகரிடம் ஒப்புக்கொள்கிறேன். இப்படி ஒருத்தியை நம்பி எப்படிக் கதையைக் கொடுப்பது? வேறு ஆள் தேடினேன். கிடைக்கவில்லை. அவளையே வைத்து ஓட்டுவோம்.

4

சனிக்கிழமை மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்த, தான் பேட்டி எடுத்த ஓர் அக்காவைக் கண்டுபிடித்தாள். எப்போதும் ஒரு மஞ்சள் வாளியோடுதான் நடப்பாள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் வாளியக்கா. நாற்பத்தேழில் முதல் அரை வாக்கியம் இவளுடையது.

[எல்லோரும் தமிழ் பேசுகிறார்களே என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்காக நான்தான் எல்லோருக்கும் தமிழ் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே பேசுகிறார்கள்.]

"அன்னிக்கு ரயிலைப் புடிக்கப் போறவ மாதிரி கேட்டியே, புடிச்சியா?" என்றாள் வாளியக்கா.

"விட்டுட்டேன்க்கா. அதான் திரும்ப வந்திருக்கேன். அன்னிக்கு பஸ்ஸைப் பத்தி 'ஆனா'ன்னு ஆரம்பிச்சீங்க."

"ஆரம்பிச்சேன். நீதான் 'சரிங்க'ன்னுட்ட. உன் சரிங்கவைத் தாண்டி நான் எங்கேர்ந்து பேசறது?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். மனசுக்குள் எண்ணினாள். நாலு, அஞ்சு, ஆறு. வாளியில் தண்ணீர் சொட்டியது. ஏழில் வாளியக்கா நிமிர்ந்தாள்.

"பஸ் நல்ல பஸ்தான். டிரைவரும் நல்ல மனுஷன், அந்தாள் மேல எதையாவது எழுதி வச்சிடாத. ஆனா சந்தையில மொத்தப் பேரும் எறங்கிடுவாங்க. அப்புறம் பஸ்ஸுல யாரு? எங்க குடியிருப்புக்காரி ஒருத்தி. மிஞ்சிப் போனா ரெண்டு பேர். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் வெட்டவெளி. காலி பஸ்ஸுல ஒத்தையா உக்காந்து வந்து பாத்திருக்கியா? ஒண்ணும் நடக்க வேணாம். நடந்துடுமோன்னு நெனச்சுக்கிட்டே வர்றதே போதும், உசிரு போய்த் திரும்பி வரும்."

"அப்ப என்ன பண்றீங்க?"

"எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. யாரும் ஒத்தையா கடைசி ஸ்டாப் வரைக்கும் போகக் கூடாது. நாங்களும் சந்தையிலயே எறங்கிடுவோம். அடுத்த டிரிப்புல வர்றவளுக்காக நிப்போம். ஆறேழு பேர் சேந்ததும் நடப்போம். அரை மணி நேரம்."

டிக்கெட் மெஷின் பொய் சொல்லவில்லை. கடைசி நிறுத்தத்தில் யாரும் இறங்கவில்லை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஏன் என்று கேட்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அந்த ஆள் 'சரிங்க' என்றுவிட்டாள்.

"இதுக்கு என்ன செய்யலாம்க்கா?" இந்தக் கேள்வி அறுபத்திரண்டில் இல்லை.

"செய்ய என்ன இருக்கு? பஸ்ஸைத் திருப்பி விடச் சொல்லு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா எங்க குடியிருப்பு. அப்புறம் சந்தை. சந்தைக்குப் போற கூட்டம் வண்டி நெறைய இருக்கும், அதோட நாங்களும் வந்து எங்க வாசல்ல எறங்கிக்குவோம்." துணியை உதறினாள். "இதுக்குப் போயி அறுவத்திரெண்டு கேள்வியா?"

[அப்பா: "அப்படிச் சுத்திப் போனா எவ்வளவு தூரம் கூடும்?" ஒன்றரைக் கிலோமீட்டர் அப்பா.]

5

திங்கட்கிழமை மேலாளரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் எனக்கு முதல் குளிருக்குத் தன் கோட்டைக் கொடுத்தவர் அவர் என்பது குறுக்கே வந்து நின்றது.

"எக்ஸ்பிரஸ், ஒரு அக்கா சொன்னதுக்காக ரிப்போர்ட்டை மாத்த முடியுமா?"

"நாப்பத்தேழு பேர் சார்."

"நாப்பத்தேழு பேரும் ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்தாங்கன்னு நீ சொல்ற. முடிக்காத பதிலை எடுத்துடணும்னு எல்லா இடத்துலயும் விதி இருக்கு. வேற எங்கயாவது இப்படி ஆகியிருக்கா? காட்டு, பாக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இதை வெளிய சொன்னா உன் பேட்டியெல்லாம் செல்லாதுன்னு ஆயிடும். உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முப்பதாம் தேதியோட முடியுது. மிரட்டுறேன்னு நெனச்சுக்காத, ஞாபகப்படுத்துறேன்."

கான்ட்ராக்ட் போனால் விசா போகும். விசா போனால்

[இந்த வாக்கியத்தை என்னால் மூன்று நொடிக்குள் முடிக்க முடியவில்லை. போன் அணைந்துவிட்டது.]

வேறு எங்கேயாவது என்றாரே மேலாளர். அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் போனில் ஒரு குழு இருந்தது. போன வருடம் 'மதிப்பீட்டில் சமத்துவம்' என்று ஆன்லைனில் நடந்த வகுப்பில் சந்தித்த ஏழு பேர், ஏழு நாடு. வகுப்பு முடிந்த நாளில் உலகத்தையே புரட்டிப்போடுவதாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் வந்ததெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தும் கேக் படமும்தான்.

அன்று மாலை அந்தக் கேக்குகளுக்குக் கீழே அவள் எழுதினாள்: "நான் எடுத்த பேட்டிகளில் நாற்பத்தேழு பெண்களைப் பாதியில் வெட்டியிருக்கிறேன். வேறு யாரும் அல்ல, நான். விதி இருந்ததால் அந்தப் பாதிகளை அழிக்கவும் தொடங்கினேன். உங்கள் பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, உங்களுக்கு எத்தனை என்று சொல்வீர்களா? வியாழக்கிழமைக்குள் வேண்டும்."

அனுப்பினாள். ஏழு பேரும் படித்துவிட்டதாகப் போன் காட்டியது.

செவ்வாய்க்கிழமை முழுக்க பதில் ஒன்றும் வரவில்லை. தன் மானத்தைத் தானே கப்பலேற்றிவிட்டோமே, அழித்துவிடலாமா என்று நூறு தடவை விரல் போய்த் திரும்பியது. அழிக்கவில்லை. தைரியமெல்லாம் இல்லை, எல்லோரும் படித்த பிறகு அழித்தால் அதைவிடக் கேவலம்.

புதன்கிழமை மதியம் போன் அதிர்ந்தது. தேனீ வளர்ப்புத் திட்டங்களை மதிப்பிடுகிறவள் ஒருத்தி, குழுவில் தேனீக்காரி.

"மன்னிச்சுக்கோ, நேத்துப் பூராவும் என் டேப்பைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அறுபத்தொன்பது. நீ தோத்துட்ட."

அவள் அலுவலகக் கழிவறையில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது. தடுப்பூசித் திட்டம் பார்க்கிறவர்: ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடங்களை மதிப்பிடும் பெரியவர்: "எனக்கு முப்பது வருட அனுபவம். எண்ணவே பயமாக இருக்கிறது. ஒரு டேப்பில் மட்டும் பதினொன்று." ஏழு பேரும் தங்களுக்குத் தெரிந்தவர்களை இழுத்து வந்தார்கள். புதன் சாயங்காலம் பத்தொன்பது பேர், பதினொரு நாடு.

அப்போது தேனீக்காரி ஒன்று கேட்டாள். "உங்க டேப்புல ஆம்பளைங்களும் இருக்காங்கள்ல? வெட்டுப்பட்டவங்க யாருன்னு பிரிச்சு எண்ணுங்க."

எண்ணினார்கள். அவளால் முடியாது, அவளுடையது பெண்கள் மட்டும் போகிற பஸ். மற்றவர்கள் எண்ணினார்கள். வெட்டுப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். அதே கேள்வி, அதே பேட்டியாளர். ஆண் 'ஆனா' என்று இழுத்தால் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெண் 'ஆனா' என்றால் 'சரிங்க'. வெட்டியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அதுவும் சமத்துவ வகுப்பில் படித்துப் பாராட்டு வாங்கியவர்கள்.

யாரோ குழுவின் பெயரை மாற்றினார்கள். கேக் படத்துக்குப் பக்கத்தில் இப்போது எழுதியிருந்தது: 'குறுக்கே பேசியவர்கள்'.

6

வியாழக்கிழமை காலை அந்தப் பதினொரு நாட்டுக் கணக்கை ஒரே தாளில் அச்சடித்து மேலாளரிடம் நீட்டினாள். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்; அவளும் பின்னாலேயே போனாள்.

நீள மேசை. ஒன்பது பேர். தலைவி ஒரு கண்டிப்பான அம்மா, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எந்தக் கூட்டத்தையும் ஆரம்பிப்பாராம். மேலாளர் எழுந்து பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். தொண்ணூற்று நான்கு என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

"ஆனா இந்தத் தொண்ணூத்தி நாலுல ஒரு சிக்கல் இருக்கு," என்றார் மேலாளர். "அதைப் பேட்டி எடுத்தவங்களே சொல்லட்டும்."

அவள் எழுந்தாள்.

"பேட்டி எடுத்தது நான். நாப்பத்தேழு பேரைப் பேச விடாம வெட்டினதும் நான்தான். முடிக்காத பதிலை எடுத்துடணும்னு விதி, அதனால அதையெல்லாம் அழிக்கவும் ஆரம்பிச்சேன்."

"அப்படின்னா அந்த நாப்பத்தேழும் செல்லாதா?" என்றார் தலைவி.

"நான் கேட்ட விதம் செல்லாது மேடம். அவங்க சொல்ல வந்தது செல்லும். அதுல ஒருத்தங்க இப்ப லைன்ல இருக்காங்க. ஒரே ஒரு வேண்டுகோள். அவங்க பேசி நிறுத்தினா, யாரும் ஏழு எண்ணுற வரைக்கும் பேசக் கூடாது."

போனை மேசை நடுவில் வைத்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலிருந்து வாளியக்கா பேசினாள். நல்ல பஸ் என்றாள். நல்ல டிரைவர் என்றாள். "ஆனா," என்றாள். நிறுத்தினாள்.

தலைவியின் கடிகாரம் ஓடுவது கேட்டது. மூன்று. நான்கு. ஐந்து.

"என்னது, ஒரு சத்தத்தையும் காணோம்? லைன் கட்டாயிடுச்சா? ஏம்மா, இருக்கியா?"

மேசையே குலுங்கிச் சிரித்தது. தலைவிதான் முதலில். "இருக்கோம்மா, இருக்கோம். நீங்க சொல்லுங்க, நாங்க கேக்குறோம்."

"கேக்குறீங்களா? அப்ப சரி," என்று வாளியக்கா ஆரம்பித்தாள். காலி பஸ்ஸைச் சொன்னாள். மதிலைச் சொன்னாள். ஏழு பேராகச் சேர்ந்து நடப்பதைச் சொன்னாள். பஸ்ஸை எப்படித் திருப்ப வேண்டும் என்று ஊருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். பதினோரு நிமிடம். யாரும் வெட்டவில்லை.

அன்று மாலையே முடிவானது. கடைசி நிறுத்தம் வெட்டப்படாது. பஸ் முதலில் குடியிருப்பு, பிறகு சந்தை. எட்டு நகரங்களுக்கான திட்டம், அங்கங்கே உள்ள பெண்களிடம் பொறுமையாகக் கேட்ட பிறகுதான்.

கலையும்போது தலைவி கேட்டார். "முடிக்காத பதிலை எடுத்துடணும்னு ஒரு விதி சொன்னீங்களே, அதை உங்க ஆபீஸ்ல யாரு எழுதினது?"

மேலாளர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, திரும்ப மடித்தார். "நான்தான் மேடம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. இன்னிக்கே எடுத்துடறேன்."

[அக்கா: "இதை நான் நம்ப மாட்டேன். கதையிலதான் மேனேஜருங்க இப்படிப் பேசுவாங்க." நடந்ததை அப்படியே எழுதினால் கதை மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்ய?]

7

இப்போது 'குறுக்கே பேசியவர்கள்' குழுவில் முப்பத்தெட்டு நாடுகளிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சேருவதற்குப் படிவம் கிடையாது. தன் எண்ணிக்கையைத் தானே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பட்டம் பதவியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், "அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை?" என்று கேட்பார்கள். யாருடைய ரிப்போர்ட்டும் வெளியே போவதற்கு முன்னால், பேசியவர்களின் சம்மதத்தோடு, வேறொரு நாட்டில் இருக்கிற ஒருவர் அந்தப் பதிவுகளை உட்கார்ந்து கேட்பார். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. யார் யாரை வெட்டினார் என்பது எந்தப் பாஷையிலும் கேட்கும். அவளுடையதைத் தேனீக்காரி கேட்கிறாள். "இந்தத் தடவை மூணுதான். பரவாயில்ல. ஆனா ரெண்டாவது டேப்புல நீ இருமியே ஒருத்தியை நிறுத்தின, நான் அதையும் எண்ணிட்டேன்."

[ஆக இருமல்காரன் கிடைத்துவிட்டான் அக்கா.]

இனி முடிவு. இன்று இருபத்தாறாம் தேதி. கான்ட்ராக்ட் கடிதம் இன்னும் வரவில்லை. அதனால் வீட்டில் ஆளுக்கொரு முடிவு எழுதிவிட்டார்கள்.

அம்மாவின் முடிவில் கம்பெனி அவளை நிரந்தரமாக்கிவிடுகிறது, கூடவே ஜன்னல் இருக்கிற மேசையும் கொடுக்கிறது. அக்காவின் முடிவில் முப்பத்தெட்டு நாடும் அவளைப் போட்டி போட்டுக் கூப்பிடுகின்றன, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகிறாள், நடுவில் ஒரு மாதம் அக்கா வீட்டில் தங்கித் தூங்கி எழுகிறாள். சித்தியின் முடிவு சின்னது: "குறை சொல்றதுக்கு உலகம் பூரா ஆள் சேத்துட்டாளா! நானும் சேரலாமா?" அப்பா எந்த முடிவும் சொல்லவில்லை. பஸ் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் கேட்டார்.

நானும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: "முப்பதாம் தேதி காலை அவள் மேசைமேல் ஓர் உறை

அதற்கு மேல் போகவில்லை. போகாததற்கு இந்தத் தடவை பயம் காரணம் இல்லை. நேற்று சாயங்காலம் நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. குடியிருப்பு வாசலில் பஸ் நின்றதும் ஒன்பது பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "நகருங்க, எங்க ஸ்டாப்பு" என்று அதட்டியபடி இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய வாளியக்கா என் காலை நன்றாக மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். எனக்கு வலித்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அடுத்து உறையில் என்ன இருக்கும் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே உறையை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். அவளை அங்கேயே வேலையில் வைத்தாலும் சரி, வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, முப்பத்தொன்பதாவது நாட்டுக்கு ஏற்றிவிட்டாலும் சரி, நான் சண்டைக்கு வர மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. என்ன முடிவு எழுதினாலும் பஸ்ஸில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது இனி அந்த வழியாகத்தான் போகும்.